72 மணி நேரம்

கடுமையான தலைக்காயத்தோடு கனடாவின் ஆறு பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களுக்குக் கொண்டுவரப்பட்ட 720 பேர் என்ன ஆனார்கள் என்று தீவிர சிகிச்சை மருத்துவர்கள் குழு ஒன்று தேடிப் பார்த்தது. 2011இல் முடிவு வெளிவந்தது. 228 பேர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்கள் இறந்த விதம். இனிப் பயனில்லை என்று மருத்துவர்களும் குடும்பத்தாரும் பேசி முடிவு செய்து, உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொண்ட பிறகு இறந்தவர்கள் அவர்களில் பத்துக்கு ஏழு பேர். அப்படி இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, மருத்துவமனைக்கு வந்த மூன்று நாளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறு மையங்களும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்திய செய்தி. ஒரு மையத்தின் இறப்புகளில் 45 சதவீதம் இப்படி முடிவெடுத்த பின் நிகழ்ந்தவை. வேறொரு மையத்தில் 87 சதவீதம். ஒரே நாடு. செலவை அரசு ஏற்கும் ஒரே முறை. மருத்துவர்கள் படித்த பாடப்புத்தகங்களும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியென்றால் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்பதும் சிலருடைய ஆயுளைத் தீர்மானித்திருக்கலாம். மூளைக்காயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்கேன் படங்களையும் நரம்பணுக்களையும் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். கட்டிலருகே நின்று ‘போதும்’ என்று சொல்லும் தீர்ப்பும் இந்த அறிவியலில் சேர்ந்ததுதான். அது எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

1952க்கு முன் இப்படியொரு தீர்ப்புக்குப் பெரும்பாலும் தேவையே எழவில்லை. மூளை கடுமையாக அடிபட்டால் மூச்சு நிற்கும். மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். அந்த ஆண்டு கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் ஆகஸ்ட் மாத இறுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையை அழுத்தி அவள் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். போதுமான கருவிகள் இல்லாததால் சுமார் 1500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு, இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தினார்கள். இறப்பு மளமளவென்று குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அங்கேதான். போலியோ நோயாளிகளுக்கு மூளை நன்றாக இருந்தது, மூச்சு மட்டும்தான் இல்லை. கருவி ஊர் ஊராகப் பரவியபோது அதன் மறுபக்கமும் தெரியவந்தது. மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது; மூளையைப் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை.

மருத்துவர்களுக்கு இது புதுச் சங்கடம். 1957இல் மயக்கவியல் மருத்துவர்கள் இந்தக் கேள்வியைப் போப் பன்னிரண்டாம் பயஸ் முன்னிலையில் வைத்தார்கள். வழக்கத்துக்கு மீறிய வழிகளைக் கையாண்டு உயிரை நீட்டித்தே தீர வேண்டும் என்ற கடமை இல்லை; மரணம் எந்தக் கணத்தில் நேர்ந்தது என்று சொல்வது திருச்சபையின் வேலை அல்ல, மருத்துவர்களின் வேலை என்று அவர் பதில் சொன்னார். இரண்டு ஆண்டு கழித்துப் பாரிஸில் மொலாரே, கூலோன் என்ற இருவர், கோமாவையும் தாண்டிய ஒரு நிலையில் கிடந்த 23 நோயாளிகளை விவரித்தார்கள். 1968இல் ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு அந்த நிலையையே மரணத்தின் அளவுகோலாக வைக்கலாம் என்றது. கேப்டவுனில் முதல் இதய மாற்று அறுவை நடந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. உறுப்புகளைப் பெறுவதில் எழும் சர்ச்சையைக் குழுவே தன் அறிக்கையில் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறது.

கோமாவையும் தாண்டிய அந்த நிலையைத்தான் நாம் மூளைச்சாவு என்கிறோம். பலரும் இதைக் கோமாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். மூளைச்சாவு ஒரு நோயறிதல். அங்கே மருத்துவருக்கு எதையும் முன்கூட்டிக் கணிக்க வேண்டிய வேலையில்லை. முந்தைய அத்தியாயத்தில் பார்த்த மூளைத்தண்டை அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார். கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் கண்மணி சுருங்குகிறதா? கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை துடிக்கிறதா? காதுக்குள் ஐஸ் தண்ணீரை விட்டால் விழி திரும்புகிறதா? குழாய் வழியே சளியை உறிஞ்சும்போது இருமல் வருகிறதா? கடைசியாக மூச்சுச் சோதனை. ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டு வென்டிலேட்டரைச் சில நிமிடம் பிரித்து வைக்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. அது 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியும் நெஞ்சு ஒருமுறைகூட உயரவில்லை என்றால் மூச்சுக்கான மையம் இறந்துவிட்டது. இத்தனையும் தொடங்குமுன் உடல் குளிர்ந்து கிடக்கிறதா, மயக்க மருந்து உடம்பில் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டுமே மூளைச்சாவு போன்ற தோற்றத்தைத் தந்து ஏமாற்றக்கூடியவை.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை இந்தச் சோதனைகளைச் செய்து கையெழுத்திட வேண்டும். 2008இல் இருசக்கர வாகன விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு மருத்துவத் தம்பதி, அவனது உறுப்புகளைக் கொடுக்க முன்வந்த பிறகு தமிழ்நாட்டில் இந்த நடைமுறை பரவலாகத் தெரிந்துவிட்டது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் அறிவிக்கவும் பட்டது. ஆனால் நம் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மூளைச்சாவு இடம்பெறுவது உறுப்பு மாற்றுச் சட்டத்தில். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தால் நோயாளி சட்டப்படி இறந்தவர். சம்மதிக்காவிட்டால், அதே சோதனை, அதே முடிவு, ஆனாலும் பல மருத்துவமனைகள் வென்டிலேட்டரைக் கழற்றத் தயங்கி, இதயம் தானாக நிற்கும்வரை ஓட்டுகின்றன. ஒருவர் இறந்தாரா இல்லையா என்பது அவருடைய சிறுநீரகத்தை யாருக்காவது கொடுக்கிறோமா என்பதைப் பொறுத்து மாறக்கூடாது. இதைச் சரிசெய்யப் புது அறிவியல் எதுவும் தேவையில்லை.

உண்மையான சிக்கல் மூளைச்சாவு அடையாதவர்களிடம்தான். அவர்களே பெரும்பான்மை. மூளைத்தண்டு ஓரளவு வேலை செய்கிறது. மேலே எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. 1972இல் கிளாஸ்கோவின் நரம்பு அறுவை மருத்துவர் பிரையன் ஜென்னெட்டும் நியூயார்க்கின் பிரெட் பிளம்மும் இவர்களில் ஒரு வகையினரை விவரித்தார்கள். கண் திறக்கிறது, தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வருகின்றன, கொட்டாவிகூட வருகிறது. எதிரே இருப்பவரை அறிந்த சுவடு மட்டும் இல்லை. இரண்டாண்டு கழித்து, ஜென்னெட்டும் அவரது சக மருத்துவர் கிரஹாம் டீஸ்டேலும் கோமாவை எண்ணால் அளக்க ‘கிளாஸ்கோ கோமா ஸ்கேல்’ (ஜிசிஎஸ்) என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. இன்று தலைக்காய வார்டில் ‘ஜிசிஎஸ் எவ்வளவு?’ என்று கேட்காத மருத்துவரே இல்லை.

அந்த எண், நோயாளியின் வயது, கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா என்பது, சிடி ஸ்கேனில் மூளையின் நடுக்கோடு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்பது, விபத்து நடந்த இடத்தில் ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ விழுந்ததா என்பது: கணிப்புக்கு இவைதான் மூலப்பொருள். பத்தாயிரத்துக்கும் அதிகமான தலைக்காய நோயாளிகளைக் கொண்ட கிராஷ் என்ற சர்வதேச ஆய்விலிருந்து 2008இல் ஒரு கணிப்பானே உருவாக்கப்பட்டது. விவரங்களை நிரப்பினால் 14 நாளில் இறக்கும் வாய்ப்பையும், ஆறு மாதத்தில் மோசமான நிலையில் இருக்கும் வாய்ப்பையும் சதவீதமாகச் சொல்லிவிடும். அது கேட்கும் விவரங்களில் ஒன்று, நோயாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்பது. ஒரே காயம், ஒரே வயது. ஏழை நாட்டில் என்றால் விடை வேறு.

கணிப்பானின் விடை ஒரு கூட்டத்தைப் பற்றியது. ‘இவரைப் போன்ற நூறு பேரில் 80 பேர் தேறமாட்டார்கள்’ என்று அதனால் சொல்ல முடியும். கட்டிலில் கிடக்கும் இந்த மனிதர் அந்த 80இல் ஒருவரா, 20இல் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. வராந்தாவில் நிற்கும் மனைவி கேட்பதோ அதைத்தான்: “டாக்டர், என்னைய அவருக்கு அடையாளம் தெரியுமா?”

இங்கேதான் முதல் சறுக்கல் வருகிறது. மூளை ரத்தக்கசிவு நோயாளிகளை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கைரா பெக்கரும் குழுவினரும் 2001இல் சங்கடமான ஓர் உண்மையை முன்வைத்தார்கள். நோயாளியின் முடிவைத் தீர்மானிப்பதில், எந்த அளவுக்குச் சிகிச்சை தரப்பட்டது என்பதே முதன்மையான காரணியாக இருந்தது. மருத்துவர் ‘இவர் பிழைக்கமாட்டார்’ என்று நம்புகிறார், நம்பிக்கைக்கு ஏற்பச் சிகிச்சையைக் குறைக்கிறார், நோயாளி இறக்கிறார், அந்த இறப்பு புள்ளிவிவரத்தில் ஏறுகிறது. அடுத்த முறை இதே மாதிரி ஒருவர் வரும்போது புள்ளிவிவரம் முன்பைவிட உறுதியாகச் சொல்கிறது: இவர் பிழைக்கமாட்டார். கணிப்பு தவறு என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி அந்த நோயாளிதான். அவரோ இல்லை.

ஆகவேதான் 72 மணி நேரம். பேரழிவு தரும் மூளைக்காயம் என்று முதல் பார்வைக்குத் தோன்றினாலும், முடிவெடுக்குமுன் 72 மணி நேரம் சிகிச்சை தந்து கவனியுங்கள் என்று அமெரிக்காவின் நியூரோகிரிட்டிகல் கேர் சொசைட்டி 2015இல் பரிந்துரைத்தது. அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. முதல் நாளில் மூளை வீங்கியிருக்கும், வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், மிடசோலம், ஃபென்டனில் போன்ற மயக்கம் தரும் மருந்துகள் உடம்பில் தங்கியிருக்கும். சிறுநீரகமும் கல்லீரலும் சோர்ந்திருந்தால் அவை வெளியேற நாளாகும். அந்த மயக்கத்தைக் காயத்தின் கணக்கில் எழுதிவிடுவது மிக எளிது.

இதயம் நின்று, மீண்டும் துடிக்கவைக்கப்பட்டவர்களுக்கு இதைவிடக் கறாரான நெறிமுறை உண்டு. 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், 72 மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பிறகும் கண்விழிக்காதவரிடம், மோசமான அடையாளங்களில் குறைந்தது இரண்டாவது ஒத்துப்போனால்தான் ‘தேறுவது மிகக் கடினம்’ என்று சொல்லலாம் என்கிறது. ஒளிக்குக் கண்மணி சுருங்காமலும் கருவிழியைத் தொட்டால் இமை துடிக்காமலும் இருப்பது அவற்றில் ஒன்று. மணிக்கட்டு நரம்பில் சிறு மின்துடிப்பைக் கொடுத்தால் அது மூளையின் மேற்புறணிவரை வந்து சேர்கிறதா என்பது இன்னொன்று; இருபக்கமும் வந்து சேரவில்லை என்றால் கெட்ட செய்தி. மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, ரத்தத்தில் கசியும் ஒரு நரம்பணுப் புரதத்தின் அளவு, ஸ்கேன் எல்லாம் வரிசையில் வரும். ஒரே ஒரு சோதனையை நம்பாதே என்பதுதான் இந்த நெறிமுறையின் சாரம்.

விபத்தில் அடிபட்ட மூளையின் விஷயம் வேறு. ஆக்சிஜன் இல்லாமல் போன மூளை மொத்தமாகப் பட்டினி கிடந்த மூளை. அடிபட்ட மூளையிலோ சில பகுதிகள் நொறுங்கியிருக்கும், சில இணைப்புகள் அறுந்திருக்கும், மற்றவை அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும். அப்படி அடங்கியவை மாதக்கணக்கில் மெல்ல விழிக்கின்றன. அமெரிக்காவின் டிராக்-டிபிஐ ஆய்வில், காயம்பட்டு இரண்டு வாரமாகியும் எந்த உணர்வும் காட்டாமல் விழித்துக் கிடந்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் 78 சதவீதத்தினருக்கு உணர்வு திரும்பியிருந்தது. நான்கில் ஒருவருக்குத் தான் யார், எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்பதும் தெளிந்திருந்தது. இரண்டு வாரம் என்பதே சீக்கிரம் என்று அந்த எண்கள் சொல்கின்றன. கனடாவில் சிகிச்சையை விலக்கிய பின் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு மூன்று நாள்கூடக் கிடைக்கவில்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

செய்தித்தாள்களில் அடிபடுவது இன்னொரு வகை ஆய்வு. 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன், உணர்வற்றவராகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து ‘டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். நலமாக உள்ளவர்களுக்கு எந்தப் பகுதி ஒளிருமோ அதே பகுதி அவருக்கும் ஒளிர்ந்தது. உடம்பில் ஓர் அசைவும் இல்லை. உள்ளே ஆள் இருந்தார். 2019இல் நியூயார்க்கின் யான் கிளாசன் குழு கட்டிலருகே கொண்டுவரக்கூடிய இஇஜியை வைத்து, எந்தக் கட்டளைக்கும் அசையாத 104 பேரைச் சோதித்தது. ‘கையை விரித்து மூடுங்கள்’ என்றபோது 16 பேரின் மூளை பதில் சொன்னது. 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 241 பேரில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், இப்படி இருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில், கட்டிலருகே கட்டளையைக் கேட்டு நன்றாகவே அசைந்தவர்களில்கூட 38 சதவீதத்தினர் மட்டுமே இந்தக் கருவிச் சோதனையில் தேறினார்கள். மூளை பதில் சொன்னால் அது பெரிய செய்தி. சொல்லாவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. நம் ஊர் வார்டுகளுக்கு இந்தச் சோதனை இன்னும் வரவே இல்லை. அங்கே மருத்துவருக்கு அவருடைய விரலும் டார்ச் விளக்கும் நிதானமும்தான் கருவிகள்.

இவ்வளவையும் படித்தவர், காத்திருப்பதில் நட்டம் எதுவும் இல்லை, இன்னும் காத்திருக்கலாமே என்று நினைக்கலாம். நட்டம் உண்டு. பலரும் சொல்லத் தயங்கும் பகுதி இது.

மூளை வீங்கி, மருந்துக்கும் அடங்காதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி இடம் ஏற்படுத்தித் தருவார்கள். 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த அறுவையை மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. மொத்தம் 408 நோயாளிகள். ஆறு மாதத்தில் மருந்துப் பிரிவில் 49 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அறுவைப் பிரிவில் 27 சதவீதம். நூறு பேருக்கு அறுவை செய்தால் கூடுதலாக 22 பேர் பிழைக்கிறார்கள். அந்த 22 பேர் எப்படி இருக்கிறார்கள்? ஆறு பேர் உணர்வே இல்லாமல் கிடக்கிறார்கள். எட்டுப் பேருக்கு எல்லாவற்றுக்கும் பிறர் கை வேண்டும். எட்டுப் பேர் வீட்டுக்குள்ளாவது தன்னந்தனியே சமாளித்துக்கொள்ளும் நிலையிலோ அதைவிட மேலாகவோ இருக்கிறார்கள். ‘ஆபரேஷன் செஞ்சா பொழைப்பாரா?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்பது உண்மையான பதில். அதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை.

இன்னொன்று, முதல் வாரங்கள் கடந்தால் நோயாளி பெரும்பாலும் தானாகவே மூச்சுவிடத் தொடங்கிவிடுவார். அப்போது கழற்றுவதற்கு வென்டிலேட்டரே இருக்காது. அமெரிக்காவில் 21 வயது கேரன் ஆன் குயின்லனின் பெற்றோர், மகளின் சுவாசக் கருவியை அகற்றக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1976இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கருவியிலிருந்து மெல்லமெல்ல விடுவித்தபோது கேரன் தானே மூச்சுவிட்டாள். உணர்வு திரும்பாமலேயே குழாய் உணவில் 1985 வரை, ஒன்பது ஆண்டு உயிரோடு இருந்தாள். பெற்றோர் உணவுக் குழாயை அகற்றச் சொல்லவில்லை. மூச்சுக் கருவி வேறு, சோறு வேறு என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் கோட்டை இங்கிலாந்து 1993இல் தாண்டியது. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் மூளைக்கு ஆக்சிஜன் அற்றுப்போன டோனி பிளாண்ட் என்ற இளைஞருக்குக் குழாய் வழி உணவும் மருத்துவச் சிகிச்சைதான், பயனில்லாதபோது அதையும் நிறுத்தலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதற்கு முன் அவருடைய மருத்துவர் ஜிம் ஹோவ், மரண விசாரணை அதிகாரியிடம் கேட்டபோது கிடைத்த பதில், கொலை வழக்கு வரலாம் என்ற எச்சரிக்கை.

ஆக, சீக்கிரம் முடிவெடுத்தால் தேறக்கூடியவரை இழக்கலாம். தாமதித்தால், அவரே வேண்டாம் என்றிருக்கக்கூடிய ஒரு வாழ்வுக்குள் அவரைப் பூட்டிவிடலாம். நல்ல தீவிர சிகிச்சை மருத்துவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. ‘இத்தனை நாள் குறைவில்லாமல் சிகிச்சை தருவோம். இன்னின்ன மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்போம். இந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்’ என்று குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. காத்திருப்புக்கு ஒரு கரை கிடைக்கிறது. ‘நிறுத்திவிட்டோமே’ என்ற குற்றவுணர்ச்சியும் குறைகிறது. முடிவு திடீரென்று வந்து விழவில்லை அல்லவா.

மறுபடி உட்காரும்போது எதைக் கேட்பது என்பதும் முக்கியம். “நீங்க என்ன சொல்றீங்க?” என்று மருத்துவர் கேட்டால் மகன் தாய்மாமனைப் பார்ப்பான், தாய்மாமன் பெரியப்பாவைப் பார்ப்பார், கடைசியில் யார் குரல் பெரிதோ அது தீர்ப்பாகிவிடும். “அவரே இப்போ பேச முடிஞ்சா என்ன சொல்லியிருப்பார்?” என்பதுதான் சரியான கேள்வி. இதைக் கேட்டவுடன் பேச்சு நோயாளியின் பக்கம் திரும்புவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். மனைவிக்கு எப்போதோ அவர் சொன்னது நினைவுக்கு வரும். ஆனால் நலமாக இருப்பவர்களின் ஊகத்தை ஓரளவுக்குத்தான் நம்பலாம். உடல் முழுதும் செயலிழந்து கண்ணசைவால் மட்டும் பேசக்கூடியவர்களிடம் பெல்ஜிய ஆய்வாளர்கள் 2011இல் கருத்துக் கேட்டார்கள். பதிலளித்த 65 பேரில் 72 சதவீதத்தினர் மகிழ்ச்சியாக இருப்பதாகவே சொன்னார்கள். ‘அப்படி வாழ்றதுக்குச் செத்துடலாம்’ என்று நாம் சொல்லும் அதே வாழ்வு. மருத்துவர்களுக்கும் இந்த முன்முடிவு உண்டு. அவர்கள் வார்டில் பார்ப்பது மோசமான நாட்களை மட்டுமே. ஓராண்டு கழித்துக் கடைவீதியில் நடக்கும் பழைய நோயாளியை அவர்கள் சந்திப்பது அபூர்வம்.

இந்தியாவில் இந்தப் பேச்சு அருணா ஷான்பாக்கோடு தொடங்கியது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த 25 வயதுப் பெண், 1973 நவம்பரில் அங்கேயே தாக்கப்பட்டு மூளைக்கு ரத்தமில்லாமல் போனார். அவரை இறக்க அனுமதிக்குமாறு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவரைப் பராமரித்த செவிலியர்கள் அவர் வாழட்டும் என்றார்கள், அவர்களின் சொல்லுக்கே நீதிமன்றம் எடை கொடுத்தது. ஆனால் தக்க சூழலில் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்ற கதவையும் அதே தீர்ப்பு திறந்தது. அருணா 2015இல் நிமோனியாவால் இறந்தார். 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமான மரணம் வாழ்வுரிமையின் பகுதி என்றும், உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் சொன்னது. அதற்கு விதித்த நடைமுறை யாராலும் தாண்ட முடியாத அளவுக்கு இருந்ததால் 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள். இப்போது மருத்துவமனையிலேயே ஒரு முதல் நிலைக் குழு, மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் அடங்கிய இரண்டாம் நிலைக் குழு, இரண்டிலும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள நிபுணர்கள். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல்.

இந்தக் குழுக்கள் கூடிப் பேசும் மருத்துவமனைகள் குறைவு. பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. சேமிப்பு கரைந்து, நகை அடகுக்குப் போய், நிலத்துக்கு ஆள் தேடத் தொடங்கும் நாளில், “இதுக்கு மேல எங்களால முடியாது டாக்டர், வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்” என்பார்கள். மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்வதாக ஒரு தாளில் கையெழுத்து. ஆம்புலன்ஸில் ஒருவர் பையை அழுத்தியபடியே வருவார். வீட்டில் இறக்கியதும் குழாயை எடுத்துவிடுவார்கள். வலிக்கு மருந்தில்லை, மூச்சுத்திணறலுக்கு மருந்தில்லை, யார் எதனடிப்படையில் முடிவெடுத்தார்கள் என்ற பதிவும் இல்லை. அதுவும் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவதுதான். முடிவெடுத்தது மூளையின் நிலை அல்ல, பில்லின் நிலை. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. அருமையான திட்டம், எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் மூளைக்காயத்தின் கடிகாரம் அதைவிட நீண்டது. 48 மணி நேரம் முடிந்ததும் தனியார் மருத்துவமனையில் பணமா, காப்பீடா, அரசு மருத்துவமனைக்கு மாற்றமா என்ற கேள்வி வரும்போது, கணிப்பு சொல்லும் தகுதி எந்த மருத்துவருக்கும் இன்னும் வந்திருக்காது. தலைக்காயத்துக்கு மட்டுமாவது அந்த வரம்பை நீட்டுவது நியாயம்.

முறையாக நடந்தால் விலக்குவது எப்படி இருக்கும்? வலியும் திணறலும் தெரியாதபடி மார்பின், மிடசோலம் போன்றவற்றை முதலிலேயே தொடங்குவார்கள். தேவையற்ற ஊசிகளையும் ரத்தப் பரிசோதனைகளையும் நிறுத்துவார்கள். கருவிகளின் அலாரத்தை அணைத்து, வீட்டாரை எத்தனை பேரானாலும் உள்ளே விடுவார்கள். பிறகு வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்துக் குழாயை எடுப்பார்கள். சிலர் நிமிடங்களில் போவார்கள், சிலர் நாட்களில். விஷ ஊசி போட்டுக் கொல்வதற்கும் இதற்கும் சட்டத்திலும் மருத்துவத்திலும் உள்ள வேறுபாடு இதில் தெரியும்: மருந்தின் அளவு திணறலைப் பார்த்துக் கூட்டப்படுகிறது, கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், முதல் நாளிலேயே ‘நம்பிக்கை இல்லை’ என்று யாரேனும் சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மயக்க மருந்து முழுதும் இறங்கிவிட்டதா? எந்தெந்தச் சோதனைகளை வைத்துச் சொல்கிறீர்கள்? இன்னும் எத்தனை நாள் பார்த்தால் இதைவிட உறுதியாகச் சொல்ல முடியும்? எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபப்படமாட்டார்.

உங்களுக்கே நேர்ந்தால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்று, உங்களுக்காகப் பேச வேண்டியவர் பெயரைக் குறிப்பிட்டு, ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்தால் போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இது முதியவர்களுக்கான காகிதம் என்று தள்ளிவைக்க வேண்டாம். குயின்லனுக்கு 21 வயது, அருணாவுக்கு 25, டோனி பிளாண்ட் இருபதைத் தொடவில்லை. மூவரும் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை. 18 வயது நிறைந்த எவரும் எழுதலாம்.